கம்பத்துக்குச் செவப்பு ஸ்வெட்டர்

நீயே சொல்லு தம்பி, மத்தியானம் ரெண்டு மணி வெய்யில்ல ஒரு இரும்புக் கம்பத்துக்கு இன்னா குளிரப் போவுது? தை மாசம், காலைல பனி பெய்து, நான் இல்லன்னு சொல்லல. அதுக்கின்னு கம்பத்துக்கு ஸ்வெட்டரா? எம் புள்ளைக்கே நான் ஸ்வெட்டர் வாங்கித் தந்தது கெடையாது!

ஏன் நிக்கிற, ஏறி ஒக்காரு. சிங்கப்பெருமாள் கோயில்தான? தோ, எட்டு பேரு சேந்தா எடுத்துருவேன். ஷேர் ஆட்டோன்னா அதான கணக்கு. இப்ப... இப்ப நீ ஒருத்தன். ஷிப்ட்டு வுட்டுட்டான் இல்ல, வந்துருவாங்க.

வரமாட்டாங்க. பொய் சொல்லி இன்னா ஆவப் போவுது.

அந்தப் பக்கம் பாத்தியா, பச்சை ஸ்வெட்டர் போட்ட கம்பம்? அங்க நிக்கிறது வசந்தகுமார் வண்டி. அவனும் இதே ஊருக்குத்தான் போறான். இந்த ஒரகடம் ஸ்டாண்டுல நாங்க ரெண்டே பேரு. ஷெட்டுக்கு ரெண்டு கம்பம், ஆளுக்கு ஒண்ணு. என் கம்பம் செவப்பு, அவன் கம்பம் பச்சை. இப்ப ஜனம் எங்க நிக்கிது பாரு. வரிசையா! ஒருத்தன் பின்னாடி ஒருத்தன்! ரேஷன் கடைல கூட இப்படி நிக்க மாட்டான் தம்பி.

எல்லாம் அந்த இசக்கிசெல்வியால வந்துச்சி. வடக்குப்பட்டு ஹாஸ்டல் பொண்ணு. திருநெல்வேலி பக்கம். கம்பெனில செக்கிங்ல கீது. ஓடி ஓடி ஓவர்டைம் பாக்கும், மிச்ச நேரம் கைல ஊசியும் உல்லன் நூலும். அது கெட்டது பத்தாதுன்னு ஹாஸ்டல் பூரா கத்துக் குட்துருச்சி. எதுக்கும்மா இதெல்லாம்னேன். இங்க பக்கத்துல ஒரு ஹோம் கீது, அப்பா அம்மா இல்லாத புள்ளைங்க, இருவத்திநாலு பேரு. ஆளுக்கு ஒரு போர்வை. சரி, நல்ல விசயம், போய்க் குடு. கம்பத்துல ஏன் சுத்துற?

அதுக்கு அது சொல்லுது, "சும்மா கொடுத்தா ஆருக்குத் தெரியும் அண்ணாச்சி? ரோட்டுல நின்னா நாலு பேரு பாப்பாவ. பாத்துட்டு இன்னும் நூலு வாங்கித் தருவாவ. அடுத்த வருசம் வேற ஹோமுக்கும் பின்னலாம்லா"ங்குது. இருவத்திநாலு புள்ளை, இருவத்திநாலு கம்பம். இருவத்தாறாந் தேதி கொடியேத்தி முடிச்சதும் எல்லாத்தையும் பிரிச்சி, தொவைச்சி, அந்தந்தப் புள்ளைக்கிக் குடுக்கறது. அது வரிக்கும் அந்தந்தக் கம்பத்துக்கு ஒரு பொறுப்பாளு. இதுக்கு நானு.

மொத நாளே ஆள் கொறைஞ்சிது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன்லாம் இன்னும் வரலன்னு நெனைச்சேன். ரெண்டாம் நாளு, மூணாம் நாளு... வர்றான், என்னப் பாக்குறான், சிரிக்கிறான், கம்பத்தப் பாக்குறான், கால் தானா அந்தப் பக்கம் போவுது. இன்னாடா, நம்ம மேல எதாச்சும் நாத்தம் அடிக்கிதான்னு வூட்ல எம் பொண்டாட்டி காவேரியக் கேட்டேன். அது மோந்து பாத்துட்டு, எப்பவும் அடிக்கிறதுதான்னுச்சி.

அப்புறம் வேல்ராஜ்னு ஒரு பையன், தூத்துக்குடிக்காரன், அவன்தான் ஒடைச்சி சொன்னான். "அண்ணாச்சி, கம்பெனி லைன்ல பச்சை டேக் போட்டா ஓகே பீஸு. செவப்பு டேக் போட்டா ரிஜெக்ட்டு. அதத் தொடவே கூடாது, தொட்டா மெமோ. மொத நாள் டிரெய்னிங்லயே மண்டைல ஏத்திருவாங்க"ன்னான். டேய், இது வெறும் நூல்டா! "தெரியுது அண்ணாச்சி. மனசுக்குத் தெரியுது, காலுக்குத் தெரியலியே"ங்கிறான்! சொல்லிட்டு அவனும் பச்சைக்குப் போய்ட்டான்.

ஒரு சூப்பர்வைசரு வந்தான் பாரு... வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தான். குனிஞ்சி டயரப் பாத்தான். "இதுல இன்னாண்ணே டிஃபெக்டு?"ன்னான். எனக்கு எப்படி இருக்கும்! போன மாசம்தான் ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டியக் காட்டி எஃப்சி பண்ணேன். அந்தப் பேப்பரக் கண்ணாடில ஒட்டி வெச்சேன். அதுவும் பத்தலன்னு ஒரு அட்டைல 'இது நல்ல வண்டி'ன்னு எழுதி முன்னாடி தொங்கவுட்டேன். அதப் படிச்சிட்டு, வந்துகினு இருந்த ரெண்டு பேரும் போய்ட்டானுங்க. ஆமா, எவன் நல்ல வண்டிக்கு நல்ல வண்டின்னு எழுதி வெப்பான்?

நீ ஏன் ஒரு கால ரோட்டுலயே வெச்சிகினு கீற? உள்ள வெய்யி. பைய மடில வெச்சிக்க.

கழட்டிப் போட்றதுதானங்கிற. சொல்லுவ, சொல்லுவ. கழட்டலாம்னுதான் போன ஞாயித்துக்கெழம காலைல கத்தியோட வந்தேன். பாத்தா ஹோம் புள்ளைங்களைக் கூட்டியாந்து நிக்கிது இந்த இசக்கிசெல்வி. யாரு யாருது எந்தக் கம்பம்னு காட்டுதாம். அதுல ஒண்ணு, கங்கான்னு பேரு, இத்தினூண்டு, என் முட்டி ஒசரம். நேரா வந்து இந்தக் கம்பத்தக் கட்டிப் புடிச்சிகிச்சி. கன்னத்த வெச்சி இப்படி, இப்படி தேய்க்கிது. அது கேட்ட கலராம் செவப்பு. அப்புறம் என்னப் பாத்து, "தாத்தா, இது என்து. அழுக்கு பண்ணாதீங்க, நாய் வந்தா தொரத்துங்க"ங்குது. தாத்தா! நாப்பத்திமூணு வயசு தம்பி எனக்கு! கத்திய பின்னாடி மறைச்சிகினு, சரிம்மான்னேன். வேற இன்னா சொல்லுவ?

கலர மாத்திக்கலாமேன்னு வேற சொல்ற. அத்த... அத்த ஏன் கேக்குற.

இல்ல, சொல்லிட்றேன். உன்கிட்ட சொன்னா இன்னா. மொதல்ல அந்தப் பொண்ணு எனக்குக் கொண்டாந்தது பச்சைதான். செவப்பு வசந்தகுமாருக்கு. நாந்தான், ஸ்டாண்டுல யாரு சீனியரு, கொத்தமல்லிக் கட்டு மாரி எனக்கு இன்னா பச்சை, செவப்புதான் அம்சமா கீது, அத்தக் குடுன்னு புடுங்கிகினேன். வசந்தகுமார் அப்பவே சொன்னான். "அண்ணே வேணாண்ணே, நான் ரெண்டு வருசம் கம்பெனில கான்ட்ராக்ட்ல இருந்தவன், செவப்பு ஆவாதுண்ணே"ன்னு கையப் புடிச்சான். இவனுக்கு ஆசை, அதான் தடுக்கிறான்னு நெனைச்சி, டீக்கடை பூரா பாக்கச் சொல்லோ கத்துனேன். "செவப்பு என்து, எவனாச்சும் தொட்டான்..."னு. இப்ப எந்த மூஞ்ச வெச்சிகினு போய், மாத்திக்கலாம் வசந்தான்னு கேக்குறது? சொல்லு.

தம்பி?

அட, எப்ப எறங்குன? நீயுமா! கழுத்துல கம்பெனி ஐடி டேகு தொங்குறதப் பாத்தப்பவே நெனைச்சேன்... போ, போ. நல்லாரு. உன் கால் மேல தப்பு இல்ல.

இன்னாடா வசந்தா? ஏழு பேரு ஆச்சா? ஒரு ஆளு கொறையிதா? ...நானா? டேய், வெளாட்றியா? ...காசு வேணாமா? வூடு அங்கதான் கீது, சோறு துன்னுட்டு வரலாந்தான். சும்மா ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு புடிச்சிகிச்சி. இரு, சாவி எடுத்துகினு வரேன். கொஞ்சம் நவுந்து ஒக்காருங்கப்பா, ரிஜெக்ட் பீஸு வருது...

ஏய்! ஏய்! ச்சூ! காலத் தூக்காத! போ அந்தாண்ட!

...நீ கெளம்பு வசந்தா. நான் வரல. தோ பாரு, நான் நவுந்தா இந்த நாய் கம்பத்தாண்ட வந்துரும். இருவத்தாறு வரிக்கும் நான் எங்கயும் வரமுடியாது. போடா, போய்கினே இரு.

ஏன்டா நாயே, ஊரே அந்தப் பக்கம் நிக்கிது, நீ மட்டும் இங்க வர்ற. செவப்பு டேக்குன்னா இன்னான்னு உனக்கு எவனும் டிரெய்னிங் குடுக்கலியா?