பேருக்குக் கீழே

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் அக்கா, தங்கச்சி இரண்டு பேர். அக்கா மடியில் அவள் மகளின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. அக்கா தங்கச்சியிடம் சொன்னது காதில் விழுந்ததும் நான் மொபைலைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

"நம்ம பொண்ணு தோள்ல குண்டு பட்ட தழும்பு ஜாக்கெட்டுக்குள்ள மறைஞ்சிடும். நீ வாயத் தொறக்காம இரு."

"இன்னாக்கா இது? பார்டர்ல சண்டையில பட்டது. திருடிட்டா வந்தா?"

"மாப்பிள்ள வூட்ல ஆபீஸ் வேலைன்னு சொல்லிக்கீறேன்."

"மாப்பிள்ளையும் மிலிட்டரிதான? அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். அவங்க அம்மாவுக்குத் தெரிய வேணாம்னு அவருதான் சொன்னாரு."

"அவரு பார்டர்ல இருந்தாரா?"

"இல்ல, ஸ்டோர்ல. அரிசி பருப்பு அளந்து குடுப்பாரு."

"நம்ம பொண்ணு இன்னா சொன்னா?"

"நாளைக்குத்தான் லீவுல வர்றா. வந்ததும் சொல்லிக்கலாம்."

தங்கச்சி ஒரு பத்திரிகையை உருவிப் பிரித்தாள்.

"மாப்பிள்ள பேருக்குக் கீழ 'இராணுவ வீரர்'னு போட்டுக்கீது."

"ஆமா. அவங்க போடச் சொன்னாங்க."

"நம்ம பொண்ணு பேருக்குக் கீழ?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கச்சியே சத்தமாகப் படித்தாள்.

"பி.காம்."