பத்தரை மணிச் சங்கு

சோமராஜு: மூணாவது தடவையா வாசிக்கிறேன், ஆதிலக்ஷ்மிம்மா. இதோட முடிச்சுடலாம். "இறால் உரிக்கும் பிரிவில் பணிபுரியும் மங்காயம்மா, அமோனியா கசிந்து அபாயச் சங்கு ஒலித்த பின்னரும், விதிமுறைக்கு மாறாக, வாயிலருகே கூடாமல்..."

ஆதிலக்ஷ்மி: பேருக்கு முன்னாடி "திருமதி" போடுங்க சார்.

சோமராஜு: போட்டாச்சு. சாட்சின்னு நீங்க கையெழுத்துப் போடறீங்களா?

ஆதிலக்ஷ்மி: மங்காயம்மா காக்கிநாடா ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட கிடக்கிறா. இந்தக் காகிதம் போனா அவ வேலையும் போயிடும், இல்ல?

சோமராஜு: அது மேல இருக்கிறவங்க முடிவு. நான் நடந்ததை எழுதறேன்...

ஆதிலக்ஷ்மி: நடந்ததையா? சங்கு ஊதினா எங்களுக்கு டீன்னுதான் தெரியும்.

சோமராஜு: திரும்பவும் டீயா...

ஆதிலக்ஷ்மி: டீ மணி உடைஞ்சு ரெண்டு மாசம். அன்னிலேர்ந்து தினம் பத்தரைக்கு அந்தச் சங்குதானே? அமோனியா கசிஞ்ச அன்னிக்குப் பத்து இருபதுக்கே ஊதுச்சு. "இன்னிக்கு டீ சீக்கிரம்டி"ன்னு கை தட்டிட்டு ஓடினாளுங்க. அந்த டீக் கொட்டகை எங்க இருக்கு?

சோமராஜு: தெரியும்... இறாலைக் குளிர வைக்கிற அமோனியா மெஷின் அறைக்குப் பின்னாடி.

ஆதிலக்ஷ்மி: நல்ல இடம்!

சோமராஜு: வருஷா வருஷம் ஒத்திகை வைக்கிறோமே, அப்ப மட்டும் வாசலுக்கு வந்தீங்களே?

ஆதிலக்ஷ்மி: வந்தோம். "சிரிங்கம்மா"ன்னு போட்டோ எடுத்தீங்க. அதோட சரி.

சோமராஜு: எனக்கு அலுத்துப் போச்சும்மா... நாலு நாளா தூக்கமே இல்ல.

ஆதிலக்ஷ்மி: எனக்கு மட்டும் வருதா? ஒண்ணு கேக்கறேன். டீக்குச் சங்கு ஊதச் சொன்னது யாருன்னு இதுல இருக்கா?

சோமராஜு: அது... விசாரணையில வரலை.

ஆதிலக்ஷ்மி: விசாரிக்கிறது நீங்கதானே?

சோமராஜு: வாட்ச்மேன் ஏதோ...

ஆதிலக்ஷ்மி: அவன் தலையில கட்டாதீங்க. அவன் உங்ககிட்ட வந்து கேட்டப்ப நான் கதவுக்கு வெளியேதான் நின்னேன்.

சோமராஜு: ...கேட்டீங்களா?

ஆதிலக்ஷ்மி: "புது மணி வர்ற வரைக்கும் சங்கையே ஊதுப்பா, நாலு நாளைக்குத்தானே"ன்னீங்க.

சோமராஜு: நாலு நாள்னுதான் நினைச்சேன். நிஜமாவே... ரெண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டேனே, ஏன் சொல்லலை?

ஆதிலக்ஷ்மி: நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.

சோமராஜு: சரி... பழைய வரியை அடிச்சுட்டேன். எழுதறேன், கேளுங்க. "அபாயச் சங்கைத் தேநீர் இடைவேளைக்குப் பயன்படுத்துமாறு பணித்தவன், பாதுகாப்பு அதிகாரியாகிய நானே." போதுமா?

ஆதிலக்ஷ்மி: போதும் சார். குடுங்க, கையெழுத்துப் போடறேன்.

சோமராஜு: இருங்க. ஒரு கேள்வி இன்னும் இடிக்குது, மேல கட்டாயம் கேப்பாங்க. நெடி வந்ததும் மத்த நாப்பது பேரும் சிதறி வாசல் பக்கம் ஓடினாங்க. மங்காயம்மா மட்டும் ஏன் மறுபடி கொட்டகைக்கே போனா? இதுக்குப் பதில் இல்லேன்னா, என் தப்பை எழுதினாலும் பழி அவ பேர்லதான் நிக்கும்.

ஆதிலக்ஷ்மி: ...அவளும் திரும்பித்தான் வந்தா சார்.

சோமராஜு: என்னது?

ஆதிலக்ஷ்மி: முட்டிவலின்னு நான் டீக்குப் போகாம, இறால் உரிக்கிற இடத்துலயே உக்காந்திருந்தேன். என்னைக் கூப்பிடத்தான் ஓடி வந்தா. "கண்ணு எரியுதுக்கா, எந்திரி"ன்னா. எனக்கு ஒரு நெடியும் தெரியலை... "சாக்கு சொல்லாதேடி, போய் எனக்கு ஒரு கிளாஸ் டீ வாங்கிட்டு வா"ன்னு நான்தான் கொட்டகைக்குத் திருப்பி அனுப்பினேன்.