தூசி நீக்கும் வசதி

நெகட்டிவைக் கம்ப்யூட்டர் படமாக்கும் பழைய பிலிம் ஸ்கேனரை வாங்குகிறவர்கள் முதலில் அதன் விளக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் எல்லோரும் மாம்பழம் வாங்கப் போனவர்களைப்போல மேல்மூடியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். விளக்கு மங்கியிருந்தால் படத்தின் இருண்ட பகுதியெல்லாம் சேறாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் வாங்கியது மூடப்போகிற ஒரு ஸ்டூடியோவில். கடைக்காரர் நேர்மையாகத்தான் பேசினார்.

"இது புதுக் கம்ப்யூட்டர்ல ஓடாது சார். அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியையும் சேர்த்தே தூக்கிட்டுப் போங்க. ஒவ்வொரு படத்துக்கும் முக்கி முனகும். பொறுமை இருக்கா?"

என்னிடம் கேட்கிறார். தலை நரைக்கும்வரை ஒரு பத்திரிகையின் படப்பிரிவில் இருந்தவன் நான். பெரிய மனிதர்களின் தொப்பையைக் குறைத்திருக்கிறேன். காலி மைதானங்களைக் கூட்டத்தால் நிரப்பியிருக்கிறேன். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. கண் இருப்பதால் மட்டும் யாருக்கும் பார்க்கத் தெரிந்துவிடாது. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர்.

ஸ்கேனர் வேண்டும் என்று கேட்டதே அண்ணிதான். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு நினைவு தவறத் தொடங்கியிருந்தது. செருப்பை ஃபிரிட்ஜுக்குள் வைப்பார், என்றோ செத்துப்போன நண்பருக்குப் போன் போடச் சொல்வார். பழைய படங்களைத் தினமும் காட்டினால் கொஞ்சம் பிடிமானம் இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அண்ணி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"எல்லாம் இதுக்குள்ள கிடக்கு தம்பி. பிரிண்ட்டெல்லாம் செல்லரிச்சுப் போச்சு. உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியும். எப்படியாவது அவரைப் பிடிச்சு நிறுத்துங்க."

டப்பாவைத் திறந்து பார்த்தேன். நெகட்டிவ்களைச் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார். சில இடங்களில் படத்துக்கு நடுவிலேயே. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலெல்லாம் எண்ணெய் விரல்கள். அண்ணி அப்படித்தான். தெருக்கோடிவரை கேட்கச் சிரிப்பார். படிக்கிற பக்கத்தின் மூலையை மடிப்பார். அண்ணனைப் போன்ற ஒருவர் இவரோடு ஒரு ஆயுளைக் கழித்தது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அப்பாவும் அம்மாவும் போனபின் என்னை ஆளாக்கியவர் அண்ணன். நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் அவர் வீட்டு மாடியறையிலேயே இருந்துவிட்டேன்.

பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக ஊதித் துடைத்து ஸ்கேனருக்குள் அனுப்பினேன். அந்த இயந்திரத்தில் தூசி நீக்கும் வசதி ஒன்று உண்டு. பிலிமின் மேல் கிடக்கும் தூசியையும் கீறலையும் அதுவே கண்டுபிடித்து அழித்துவிடும். கலர் பிலிமில் அற்புதமாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் அதைப் போடக் கூடாது; எது தூசி, எது முகம் என்று அதற்குக் குழம்பிவிடும். ஒருநாள் தெரியாமல் போட்டுவிட்டேன். திரையில் அண்ணியின் கண்ணும் கன்னமும் கரைந்து களிமண்ணாக வந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் உற்றுப் பார்த்தார்.

"டேய், யாருடா இது?"

வாசலில் நின்ற அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "நான்தாங்க. பேய் மாதிரி இருக்கேனா?"

அண்ணன் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்து போனது. அண்ணி அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அப்போதுகூட நான் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வாரம் சாப்பிடும்போது அண்ணியே ஆரம்பித்தார்.

"பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா தம்பி. வீட்டை வித்துட்டு அவளோடயே போயிடலாம்னு இருக்கோம். உங்களுக்கும் ஒரு நல்ல ஹாஸ்டலாப் பார்த்துடலாம்."

ஹாஸ்டலாம். என்னைக் காலேஜில் சேர்ப்பதுபோல. அண்ணன் தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பின்தான் அண்ணியைப் படங்களிலிருந்து எடுத்தேன். முதலில் கடற்கரைப் படம். அண்ணியின் இடத்தில் அலையைக் கொண்டுவந்தேன். கல்யாணப் படத்தில் மாலைகளுக்குப் பின்னால் அண்ணி நின்ற இடத்தில் ஒரு தூணை வைத்தேன். குழந்தையைத் தூக்கியிருந்த கைகளை எடுப்பதுதான் சிரமம். குழந்தையை அண்ணன் மடிக்கு மாற்ற வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் நான் செய்த சுத்தமான வேலை அதுதான். முடித்ததும் நெகட்டிவ்களைக் கொல்லைப்புறத்தில் எரித்தேன். பிறகு நல்ல தாளில் அச்சிட்டு ஆல்பமாகக் கட்டினேன்.

தினமும் காலையில், அண்ணி குளிக்கப் போகும் நேரத்தில், அண்ணனோடு உட்காருவேன். "இது கடற்கரை. நீங்க தனியாப் போனது. இது உங்க பொண்ணு. நீங்களேதான் வளர்த்தீங்க." அவர் தலையாட்டுவார். பிறகு, "ஒரு அம்மா இந்த வீட்டுக்குள்ள வந்து போறாங்க. இந்த ஆல்பத்தைத் தூக்கிட்டுப் போகப் பார்ப்பாங்க. விட்டுடாதீங்கண்ணே" என்பேன். பாவம், இறுக்கி அணைத்துக்கொள்வார்.

கொஞ்ச நாளில் அண்ணி கொண்டுபோகிற டம்ளரை அவர் வாங்க மறுத்தார். "யாரும்மா நீங்க? யாரைப் பார்க்கணும்?" என்று மரியாதையாகவே கேட்டார். அண்ணி அன்று சிரிக்கவில்லை. அண்ணன் தூங்கும்போது ஆல்பத்தை எடுத்துப் புரட்டிவிட்டு என் அறைக்கு வந்தார்.

"தம்பி, நான் எங்க?"

"நீங்க எப்பவும் கேமராவைக் கண்டா ஒதுங்கிடுவீங்களே அண்ணி."

"அந்தக் கடற்கரையில நான் நின்னேன். என் புடவை நனைஞ்சது எனக்கு ஞாபகம் இருக்கு." மேஜையில் டப்பாவைத் தேடினார். "நெகட்டிவ் எங்க?"

"உங்க டப்பாவுல கிடந்த லட்சணத்துக்கு ஒண்ணும் மிஞ்சலை. தூக்கிப் போட்டுட்டேன்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் இத்தனை வருடப் பழக்கத்தில் அண்ணி ஒரு படத்தைச் சரியாகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை மாடிப்படியின் உச்சியில், அண்ணி அண்ணன் கையிலிருந்த ஆல்பத்தை வாங்கப் பார்த்தார். "கொடுங்க, பொண்ணுகிட்ட காட்டணும்" என்றார். அண்ணன் "திருடி, திருடி" என்று கத்தியபடி தள்ளினார். அண்ணி கைப்பிடியைப் பிடித்தார், வழுக்கியது. நான் அண்ணனுக்கு அடுத்து நின்றேன். கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். நீட்டவில்லை. விழுந்த பிறகும் மூச்சு இருந்தது. நான் அண்ணனை உள்ளே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்து, அவர் அமைதியான பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

நோயாளி தெரியாமல் தள்ளிவிட்டார் என்று நீங்களே எழுதி மூடினீர்கள். அண்ணன் மகள் தன்னிடம் இருந்த கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து என் படத்துக்குப் பக்கத்தில் வைக்காவிட்டால் இன்றும் வந்திருக்க மாட்டீர்கள். வைத்த பிறகும் எது அசல் என்று என்னைத்தான் கேட்டீர்கள்.

தள்ளியது அண்ணன் கை. தள்ள வைத்தது நான். தெரிந்தேதான் செய்தேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன், அவரை யார் பார்த்துக்கொள்வது என்று யோசித்துவிட்டீர்களா? என்னைவிட நெருக்கமாக அவருக்கு யாரும் இல்லை. நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால்கூட வேட்டியைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்து, "நேரமாச்சு சார், நான் வீட்டுக்குக் கிளம்பணும். என் சம்சாரம் தேடுவா" என்றார். இப்போதெல்லாம் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுகிறார். அண்ணி இருந்தவரை இந்த வீட்டில் எனக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.