கேனில் இருந்தது தண்ணீர்

சத்தம்தான் முதலில் வருகிறது. பழைய வாட்டர் பம்ப் ஓடுகிற மாதிரி. தடதட. தடதட. வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆகஸ்ட் மாதம். கடலில் இருந்து எழும்பும் ஆவி அரபுக் கரையில் இருக்கிற புஜைராவின் மலைகளையே மறைத்துவிட்டது. ஓடுகிறேன். கப்பலின் மேல்தளத்து இரும்பு செருப்பைத் தாண்டிக் காலைச் சுடுகிறது.

"ட்ரோன்! ட்ரோன்! சப் நீச்சே! ஜல்தி!"

எல்லோரும் கீழே ஓடுங்கள் என்று கேப்டன் மேலே நின்று இந்தியில் கத்துகிறார்.

முதலாவது விழுகிறது. எங்கள் மேல் இல்லை. பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்த பெரிய எண்ணெய்க் கப்பலின் மேல். யாரோ இரும்புக் கதவை ஓங்கிச் சாத்தியது போல ஒரே ஒரு அறை. அதற்குப் பிறகுதான் காற்று வந்து அடித்தது. நான் விழுந்தேன். இடது காதில் கீச்சென்று ஒரு சத்தம் தொடங்கியது.

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு தாஹிர் காக்கா வெளியே வருகிறார். எங்கள் கப்பலின் சமையல்காரர். கீழக்கரைக்காரர். அறுபதை நெருங்குகிற மனிதர். உள்ளேயே இருந்திருக்கலாம். நான் வெளியே கிடப்பதைக் கண்டுதான் வந்தார்.

"தம்பி! எந்திரி! உள்ள வா!"

இரண்டாவது கடலில் விழுந்தது. தண்ணீர் பனை உயரம் எழுந்தது. அதோடு இரும்புத் துண்டுகளும் வந்தன. விசுக். விசுக். அவ்வளவு சின்னச் சத்தம். காக்கா கதவுப்படியில் உட்கார்ந்தார். தன் வலது தொடையைப் பார்த்தார். குழம்பைச் சிந்திவிட்டவர் போல அலுத்துக்கொண்டு பார்த்தார். இரத்தம் படியில் இறங்கி ஓடியது.

என் பெயர் ஜெயசீலன். ஊர் பருத்தித்துறை. அந்தச் சிறிய கப்பலில் மோட்டர்மேன், எஞ்சின் அறை வேலை. பெரிய கப்பல்களுக்கு எண்ணெயும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. பத்துப் பேர் இருந்தோம். கப்பலின் பெயரைச் சொல்லமாட்டேன். இப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை.

காக்காவின் கைலியைக் கிழித்தேன். தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். கட்டத் தெரியும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்திலேயே அதைச் சொல்லித் தந்தார்கள். இரத்தம் குறைந்தது. நிற்கவில்லை. அவரை மாலைக்குள் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

கரை பக்கம்தான், ஆவி இல்லாத நாளில் கண்ணுக்கெட்டும் தூரம். ஆனால் எங்களை யாரும் தொடக்கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். எதிர்க்கரை நாட்டுக்குக் கடலில் ஒரு துணைப்படை உண்டு. சீருடை கிடையாது. மீனவர் படகு, மீனவர் உடுப்பு, வலைக்கு அடியில் துப்பாக்கி. கப்பல்களை மறிப்பார்கள். கண்ணி வைப்பார்கள். அவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அன்று எங்களுக்கு மேல் வந்ததும் அவர்கள் அனுப்பியதுதான் என்றார்கள். பெரிய நாடுகள் அந்தப் படையின் மேல் பொருளாதாரத் தடை போட்டன. அதோடு விடவில்லை. அவர்களுக்கு எண்ணெய் கொடுக்கிற கப்பலுக்கும் தடை. அந்தக் கப்பலுக்கு உதவுகிறவனுக்கும் தடை. சிரங்கு மாதிரி தொட்டவனுக்கெல்லாம் ஒட்டும்.

எங்களுக்கு ஒட்டியது தண்ணீரால்.

வெளிக்கடலில் நங்கூரம் போட்டுக் கிடக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. மீன்படகு ஒன்று பக்கத்தில் வந்து, படகில் இருப்பவன் கையைக் குவித்து வாயருகே காட்டினால், தண்ணீர் இறக்க வேண்டும். அவன் மீன் ஏற்றுவான். பேச்சு கிடையாது. பாஷை தெரிந்தால்தானே. இதில் தாஹிர் காக்காதான் ராஜா. எஞ்சின் எண்ணெய் வருகிற பெரிய மஞ்சள் கேன்களை என்னிடம் வாங்கி வைத்துக்கொள்வார். சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்துப் பார்த்துக் கழுவுவார். அந்தக் கேன்களில்தான் குடிதண்ணீரைக் கயிற்றில் கட்டி இறக்குவார்.

"ஆர் எவர் எண்டு பாத்துக் குடுங்கோ காக்கா" என்று ஒருநாள் சொன்னேன்.

"தண்ணி கேக்குறவுகள்ட்ட பாஸ்போர்ட்டக் காட்டச் சொல்றீகளா தம்பி?"

அன்று மதியம் நெய்மீன் குழம்பு. நானும்தான் வெட்டினேன், இரண்டாம் முறை சோறு போட்டு.

வானத்தில் இருந்து யாரோ படம் எடுத்திருந்தார்கள். அது கேப்டனுக்கு மின்னஞ்சலில் வந்தது. எங்கள் கப்பல். கயிறு. கயிற்றில் மஞ்சள் எண்ணெய்க் கேன். கீழே படகு. அந்தப் படகு துணைப்படையுடையதாம். எரிபொருள் வழங்கினோமாம். படத்தில் கேன் தெரிகிறது. தண்ணீர் தெரியவில்லை. கேப்டன் பதில் எழுதினார். திரும்பத் திரும்ப எழுதினார். கப்பல் முதலாளி எங்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். வேறு கேன் வைத்திருக்கலாமே என்று பிறகு பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். கப்பலில் வேறு கேன் எங்கே இருக்கிறது? வெள்ளிக்குடத்திலா இறக்குவது?

தடை விழுந்ததும் காப்புறுதி போனது. பிறகு கொடி போனது. எங்களைப் பதிவு செய்திருந்த எங்கோ ஒரு தீவு நாடு, பெயரை எடுத்துவிட்டது. டீசல் விற்க ஆளில்லை. எங்கள் கப்பலில் இருந்த உயிர்காப்புப் படகின் பேட்டரி செத்தது. புதியது விற்க ஆளில்லை. எனக்கு இது இரண்டாவது பொருளாதாரத் தடை. போர்க்காலத்தில் பேட்டரிக்கும் சவர்க்காரத்துக்கும் பெட்ரோலுக்கும் தடை இருந்த ஊரில்தான் வளர்ந்தேன். அங்கே பிறந்த இடம் குற்றம். இங்கே ஏறிய கப்பல் குற்றம்.

காக்கா படியில் கிடக்க, கேப்டன் வானொலியில் கரையைக் கூப்பிடுகிறார். மரியாதையான குரல் ஒன்று பதில் சொல்கிறது. துறைமுகத்து மீட்புப் படகுகள் எல்லாம் எரிகிற கப்பலுக்குப் போயிருக்கின்றன. காத்திருங்கள். எரிகிற கப்பல் இங்கிருந்தே தெரிகிறது. கரும்புகை. பட், பட் என்று ஏதோ வெடிக்கிறது. காக்காவின் உதடு வெளுத்துக்கொண்டு வருகிறது.

தனியார் படகுக்காரர்களைக் கூப்பிட்டேன். எல்லோரும் முதலில் காயம் எப்படி என்று கேட்டார்கள். பிறகு கப்பலின் பெயரைக் கேட்டார்கள். பிறகு போன் அறுந்தது. ஒருவன் மட்டும் அறுக்கவில்லை. தமிழன். "அண்ணே, மாஃபி, முடியாது. ஒங்களத் தொட்டா என் போட்ட முடக்கிருவாங்க. மன்னிச்சுக்கங்க." அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பொய். கோபம் இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது.

"டீசல் கித்னா?" கேப்டன் கேட்கிறார்.

கரை வரைக்கும் போகும் என்றேன். நங்கூரத்தை எடுக்கச் சொன்னார். அனுமதி இல்லாமல் துறைமுகத்துக்குள் போனால் அவருடைய கேப்டன் வேலை அதோடு முடிந்தது. அவருக்கும் அது தெரியும். அந்த மனிதரைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் நான் சண்டைக்குப் போவேன்.

கீழே இறங்கும் முன் காக்காவின் கையைப் பிடித்தேன். அந்த வெயிலிலும் குளிர்ந்திருந்தது.

"கண்ணை மூடாதீங்கோ காக்கா! என்னைப் பாருங்கோ!"

"அடுப்புல ஒல கெடக்கு தம்பி. அணைச்சுரு."

அணைத்துவிட்டு இறங்கினேன்.

எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கீழே இருக்கிறவனுக்குக் கடல் தெரியாது. கரையும் தெரியாது. மேலே இருந்து வருகிற மணிதான் எல்லாம். முழு வேகம். நானும், எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற பங்களாதேஷ்கார ஆயிலரும் நின்றோம். எண்ணெய் அளவுமுள் விழுந்துகொண்டே வந்தது. நான் அந்த எஞ்சினைக் கெஞ்சினேன். திட்டினேன். அம்மாளாச்சியைக் கூப்பிட்டேன். அவர் அல்லாவைக் கூப்பிட்டார். பாதி வேகம். அப்படியென்றால் துறைமுகத்தை நெருங்கிவிட்டோம். பிறகு மணி. நிறுத்து.

வந்துவிட்டோம். சிரித்தேன். ஆயிலரைக் கட்டிப்பிடித்தேன். ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன்.

கரை இல்லை.

காவல் படகு ஒன்று குறுக்கே நிற்கிறது. ஒலிபெருக்கி அலறுகிறது. "ஸ்டாப்! டர்ன் பேக்! ஸ்டாப்!" தாக்குதல் நடந்த நாள். கொடியில்லாத, தடை விழுந்த கப்பல் கேளாமல் துறைமுகத்தை நோக்கி வருகிறது. அவர்கள் வேறென்ன செய்வார்கள்? வெள்ளை வெள்ளையாக எண்ணெய்த் தொட்டிகள் தெரிகின்றன. பள்ளிவாசல் கோபுரம் தெரிகிறது. சாலையில் ஒரு லாரி போவதுகூடத் தெரிகிறது. கேப்டன் தொண்டை கிழியக் கத்துகிறார். "மெடிக்கல்! மெடிக்கல்!"

கடைசியில் ஒரு இளம் காவலர் மருந்துப்பையோடு ஏறி வந்தார். காக்காவின் கழுத்தில் விரலை வைத்தார். வைத்தபடியே இருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். நான் அவரைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னைத் தடுக்கவில்லை.

உடலை இறக்கவும் அனுமதி வேண்டும் என்றார்கள். அது உடனே வரவில்லை. ஆயிலர் முறைப்படி குளிப்பாட்டினார். நான் கூட நின்றேன். குளிர் அறையில் இருந்த மீனை எல்லாம் கடலில் கொட்டிவிட்டு அங்கே வைத்தோம். கீழக்கரையில் இருந்து அவர் மகள் போன் செய்து, அடக்கியாச்சா, அடக்கியாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது கரையில், நகரத்துக்குள் சத்வா என்கிற பகுதியில் ஒரு தையல்கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறேன். இதை எழுத உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. எழும்பி நடக்கிறேன். வாசல் வரை போய்த் திரும்புகிறேன். கீழே தையல் மெஷின் தடதடத்தால் தலை தானாகக் குனிகிறது. எங்கள் கப்பல் வேறு பெயரில், வேறு கொடியில் ஓடுகிறது. முதலாளி நன்றாக இருக்கிறார்.

தாக்குதலுக்கு மறுநாள் செய்தியில் சொன்னார்கள். ஒரு கப்பலுக்குச் சேதம். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. எரிந்த கப்பலில் எல்லோரும் தப்பினார்கள், அது உண்மை. நாங்கள் எந்த நாட்டுப் பதிவிலும் இல்லை. இல்லாத கப்பலில் யார் சாவது? விசாரித்த இடங்களில் எல்லாம் இதையே வேறு வேறு மாதிரி சொல்லி அனுப்பினார்கள்.

ஆகவே கணக்கை நான் சொல்கிறேன். என் இடது காது. பத்துப் பேரின் வேலை. கேப்டனின் கடல். ஒரு மகளுக்குக் கடைசியாக முகம் பார்க்கிற உரிமை. அபுதாஹிர், கீழக்கரை, கப்பல் சமையல்காரர்.

எழுதிக்கொள்ளுங்கள். உயிர்ச்சேதம் ஒன்று.