அளவுக்கு உட்பட்ட சத்தம்

உங்கள் மின்விசிறிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், இந்த முனகல் அடங்கிவிடும். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். இருபது வருடமாக நகராட்சியில் சத்தத்தை அளப்பதுதான் என் பிழைப்பு. பேருந்துகளில் காதைக் கிழித்த காற்று ஹாரன்களைக் கழற்ற வைத்தேன். மரம் அறுக்கும் மில்லை ஊருக்கு வெளியே தள்ளினேன். ஆஸ்பத்திரித் தெருவில் ஒலிபெருக்கி மூச்சுவிடாது. இந்த ஊர் நிம்மதியாகத் தூங்குகிறதென்றால் அதில் எனக்கும் பங்குண்டு.

வீட்டுக்குத் திரும்பினால் எனக்குப் பேச ஆள் கிடையாது. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்கு இதயம் பலவீனம். "முடியலன்னா சுவத்துல மூணு தட்டு தட்டுறேன் தம்பி, ஓடி வந்துடுங்க" என்று சொல்லி வைத்திருந்தார். முதல் தடவை மாத்திரை எடுத்துக் கொடுக்கத் தட்டினார். பிறகு பேச்சுத் துணைக்கே தட்டினார். பள்ளிக்கூடத்துக் கதைகள்தான், ஒரே கதையை மூன்று தடவை கேட்டாலும் எனக்கு அலுக்காது. உண்மையைச் சொன்னால், அந்தத் தட்டலுக்காகவே ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்புவேன்.

போன வருடம் டீச்சரம்மாவின் மகள் வந்து சேர்ந்தாள். தட்டல் நின்றது, சிரிப்புச் சத்தம் ஆரம்பித்தது. இரண்டு பேர் சிரித்தால் எவ்வளவு வரும் என்று அளந்து பார்த்தேன். அளவுக்குள்தான் இருந்தது. இருந்தாலும் நோட்டீஸ் கொடுத்தேன்.

"ஏன் தம்பி, வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று டீச்சரம்மா வாசலில் நின்று கேட்டார். நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விடுப்பில் வீட்டில் இருந்தேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். சுவரில் மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. அது பேச்சுத் துணைக்கான தட்டல் இல்லை என்று எனக்குத் தெரியும். கருவியைச் சுவரோரம் வைத்தேன். முப்பத்தெட்டு டெசிபல். குடியிருப்புப் பகுதியில் பகலில் ஐம்பத்தைந்து வரை போகலாம். 'நடவடிக்கை தேவையில்லை' என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். இருபது நிமிடத்தில் அது முப்பதாக இறங்கியது. அப்புறம் ஒன்றும் இல்லை.

கோபத்தில் செய்ததாக வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள், சார். நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. ஒரே ஒரு தடவை "தம்பி" என்று வாய்விட்டுக் கூப்பிட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். அவர் கூப்பிடவே இல்லை. நோட்டீஸ் கொடுத்த வாரமே அந்தச் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அடித்துவிட்டேன். நல்ல சரக்கு, தட்டினால் லேசாக அதிரும், பேச்சுக் குரல் துளியும் வராது.