மேடேறிய ஆர்மேச்சர்

புன்னகை ஒன்றாலேயே இப்பேரவையைப் பிடித்து வைத்திருக்கும் தலைவர் ஆதிகேசவன் ஐயா அவர்களே, விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கிய நடுவர் வரலட்சுமி அம்மையார் அவர்களே, வரதய்யபாளையத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து வந்த பெரியோர்களே, பொம்மைக் கார்களுக்காகப் பொறுமை காக்கும் தாய்மார்களே, புத்தூர்ப் பந்தயச் சங்கத்துச் சிங்கங்களே, தாமோதரனின் தலைதாழ்ந்த வணக்கம்.

மூன்றாண்டுகள் என் வீட்டு அலமாரியில் இருந்த கோப்பை, இன்று உரியவர் இல்லாமல் இந்த மேசைமேல் நிற்கிறது. ஏன்? இறுதிப் பந்தயத்தில் கார்வேட்டிநகரம் நளினி என்னை வென்றார். "அந்தம்மா ஆர்மேச்சர்ல இன்னாவோ பண்ணிக்கீது" என்று என் நண்பர்கள் ஆட்சேபம் எழுப்பினார்கள். ஆட்சேபம் ஏற்கப்பட்டால் கோப்பை எனக்கு. நடுவர் இரண்டு மோட்டாரையும் திறந்து காட்டி, முடிவை என்னிடமே விட்டுவிட்டார்.

ஆர்மேச்சர் என்பது என்ன, தாய்மார்களே? மோட்டாரின் நடுவே சுழல்கிற, செம்புக்கம்பி சுற்றிய சின்னஞ்சிறு இரும்பு. அதில் நான் தடித்த கம்பியைக் குறைவாகச் சுற்றினேன். சமதரையில் பறந்தது என் கார். மேடு வந்தது, மின்சாரத்தை மொண்டு மொண்டு குடித்தது, சூடேறியது, சோர்ந்தது. "இன்னாண்ணா, பொகை வந்துகினு கீது" என்று கேட்டாரே, அவர் எங்கே? கையைத் தூக்குகிறார். நல்லது ஐயா, உட்காருங்கள்.

நளினியோ மெல்லிய கம்பியைக் கூடுதலாகச் சுற்றினார். சமதரையில் பின்தங்கினார், சிரித்தோம். மேட்டிலே அவர் கார் சூடில்லாமல், சோர்வில்லாமல், சொன்னபடி ஏறியது. சிரித்த வாயெல்லாம் மூடியது.

இதுவா கோல்மால்? கம்பியை மாற்றிச் சுற்றலாம் என்பது நம் விதி. அந்த விதியைக் கேட்டு வாங்கியவனே நான்தான். காந்தத்தைத் தொடக் கூடாது, அவர் தொடவில்லை. பேட்டரியைத் தொடக் கூடாது; அதையும் தொடவில்லை.

இரண்டு பிளேடுகளை இணையாக நிறுத்தி, ஆர்மேச்சரின் அச்சை அவற்றின்மேல் வைத்தோம். ஒரு பக்கம் எடை கூடினால் அந்தப் பக்கம் கீழே உருளும். என்னுடையது உருண்டது. அவருடையது எப்படித் திருப்பி வைத்தாலும் வைத்தபடி நின்றது. கம்பி சுற்றிய மூன்று முனையிலும் அப்படியொரு சீர், அப்படியொரு செம்மை. எனக்கு மெய்சிலிர்த்தது, ஐயா.

"எப்படிம்மா?" என்றேன்.

"கோவமா இருந்தா சுத்தமாட்டேண்ணா. கை இறுக்கிடும், ஒரு பக்கம் ஏறிப்பூடும். ஆறினப்பறம்தான் சுத்துவேன்."

நான் எப்படிச் சுற்றினேன்? இவரை வீழ்த்த வேண்டும், வீழ்த்த வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டே சுற்றினேன்.

அங்கே என்ன முணுமுணுக்கிறாய், கங்கையா? "வுடாதே தாமு, கப்பு நம்மள்து" என்கிறாயா? இல்லை நண்பா. ஆட்சேபத்தை விலக்கிக்கொள்கிறேன். இந்தச் சங்கம் இதுவரை பார்த்ததிலேயே அழகான ஆர்மேச்சரைச் சுற்றிய கைகள் அங்கே இருக்கின்றன. எழுந்து வாருங்கள் நளினி. கோப்பை பளபளவென்று இருக்கிறது. எனக்குத்தான் என்று நினைத்து இன்று காலையில் நானே துடைத்தேன்.

செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி. வென்றவருக்கு என் முதல் வணக்கம்.