அந்த இருமலை வெட்டிடு

ஹலோ... ஆமா, நான்தான்... கேக்குது கேக்குது... இல்ல, நீ சொல்ல வேணாம், நான் சொல்றேன். கேஷானி, நல்லா கேட்டுக்க. தமிழ்ச் சிறுகதையில களம்னு ஒண்ணு இனிமே கெடையாது. ஒன் அண்ணன் றொனி, நான் ரத்துப் பண்ணிட்டேன்... சிரிக்காத. காலையிலயே எங்க காலேஜ் சுவர்ப்பத்திரிகையில ஒட்டியாச்சு. "மழை பெய்துகொண்டிருந்தது"ன்னு கதை ஆரம்பிக்கிற எவனுக்கும் கன்டீன்ல சோறு கெடையாது, சொதி மட்டும்தான்... ஆமா, கையெழுத்தும் போட்டிருக்கேன். சட்டம்னா கையெழுத்து இருக்கணும்ல.

... சரி, சரி, ஒன் வீட்டுப்பாடம். வட்ஸ்அப்ல வந்திருச்சு. கதையையும் படிச்சுட்டேன். என்ன கதை அது? ஒரு பொடியன் பண்டாரவளை ஸ்டேசன்ல நிக்கிறான். ரெண்டு பக்கத்துக்குப் பனிமூட்டம். பனி வாங்குல வந்து ஒக்காருது, பனி மணியைத் தடவுது, பனி டீ கேக்கல, அது ஒண்ணுதான் கொறை. அப்புறம் ரயில் வருது, ஏறிப் போயிர்றான். இளையோருக்கான சிறுகதையாம். இளையோர் என்ன பாவம் பண்ணுனாங்க?... ம்... ம்... அது சரி, எதிர் மேடையில அவங்கப்பா நிக்கிறாரு, பனியால அவன் பார்க்கல. அதனால? கண்ணாடி போட்டிருந்தா பார்த்திருப்பான். அது கண் டாக்டர் சமாச்சாரம், இலக்கியத்துல சேராது.

... இல்ல இல்ல, இதை அப்படியே எழுதி வச்சிராத. விஜயலெட்சுமி டீச்சருக்குக் களம்னா உசுரு. "கதையின் போக்கைக் களம் எவ்வாறு தீர்மானிக்கிறது என ஆராய்க." ஆராயட்டும். நீ பாட்டுக்கு, பனி தந்தைக்கும் மகனுக்கும் நடுவுல இருக்கிற மௌனத்தைக் குறிக்குதுன்னு எழுது. பத்துக்கு எட்டு நிச்சயம். எந்தப் பனியும் எதையாவது குறிச்சே தீரணும், அது அவங்க போட்ட சட்டம்.

... ஆமா, அம்மா எனக்கும் பேசினா. பசறையில பஸ்ஸுக்குள்ளதான் ஒக்காந்திருக்கா. ரோட்டுல மண்ணு விழுந்திருக்காம், பெக்கோ மெசின் வந்து அள்ளணுமாம்... வருவா, பயப்படாத. இல்லேன்னா ரெங்கம்மா அத்தை வீட்டுல சாப்பிட்டுப் படு... அங்க கரண்டும் இல்லையா? போன்ல சார்ஜ் இருக்கா?... அப்ப சுருக்கா முடிப்போம்.

ரெண்டாவது பகுதி. நீ அறிஞ்ச ஒரு இடத்தைக் களமா வச்சு நாலஞ்சு வரியில ஒரு பந்தி. எழுதிட்டியா?... இந்தா வந்திருச்சு. கையெழுத்து நல்லாருக்கு. நான் சொல்லப்போற ஒரே நல்ல வார்த்தை அதுதான், வாங்கி வச்சுக்க. வாசிக்கிறேன், கேளு.

"எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலை இருக்கிறது." ஆகா. மடுல்சீமைத் தோட்டத்துல மலை. யாரும் எதிர்பார்க்கல... "மலையூற்றுப் பீலியில் தண்ணீர் செங்கல் நிறத்தில் வருகிறது." வந்துட்டாங்கய்யா! தண்ணி செவப்பா வந்தா அது ரத்தம், சரித்திரம், நம்ம சனத்தோட கண்ணீரு. வெட்டு. "குசினிக் கதவு இன்று சாத்தினால் சாத்தவில்லை." கதவு சாத்தாது, ஏன்னா மனசு சாத்தாது. வெட்டு. "பின்சுவர் வெடிப்பில் என் விரல் போகிறது." குடும்பம் ரெண்டாகப் போகுதுன்னு அர்த்தம்! கேஷானி, இந்த வெடிப்பு இல்லாத சிறுகதையை நான் படிச்சதே கெடையாது. அதையும் வெட்டு. "கடைசிக் காம்பரா வீட்டில் இருமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது." இது யாரு? ரெங்கம்மா அத்தை வீட்டு அழகர் மாமாவா? அவரு எதுக்கு இதுல வர்றாரு? நடக்க மாட்டாரு, பேச மாட்டாரு, கதையில ஒரு வேலையும் செய்யல, சும்மா படுத்துக்கிட்டு இருமுறாரு... என்ன காரணம்? அவரு இருமல் கேட்டாத்தான், ஆளு இருக்காருன்னு லயத்துல மத்தவங்க நிம்மதியா தூங்குவாங்களா? அது சரி, ஆனா கதைக்கு எதுக்கு? மொதல்ல அந்த இருமலை வெட்டிடு.

... என்ன?

... என்ன சொன்ன?

... எது கற்பனை இல்ல?

இரு. இரு, கேஷா. எந்தக் கதவு?... நம்ம குசினிக் கதவா... மழையில பலகை ஊதியிருக்கும், அதான்... நிலையே கோணிக்கிச்சா? எந்தப் பக்கம்?... வெடிப்பு? போன கெழமை நான் வந்தப்ப இல்லையே... இல்ல, பதறல. நான் எங்க பதறினேன்? சும்மா கேக்குறேன்... பீலித் தண்ணி இப்பவும் செவப்பாத்தான் வருதா? போய்ப் பாரு. போனைக் கையில வச்சுக்கிட்டே போ.

...

... வரலையா? சொட்டுக்கூட?

... இவ்வளவு மழையில பீலி நின்னு போச்சா.

கேஷா, நான் சொல்றதைக் கேளு. வர்ற தண்ணி வராம மலைக்குள்ள எங்கயோ தேங்கி நிக்குது. அர்த்தம் அவ்வளவுதான். வேற ஒண்ணையும் குறிக்கல. செருப்பைப் போட்டுக்க. எதையும் எடுக்காத... புத்தகமும் வேணாம்... அம்மா சீலையும் வேணாம், அவ வேற வாங்கிக்குவா.

லயத்துல யாரு யாரு இருக்காங்க?... எல்லாருமா?... ஆமா, மழைன்னு வேலையை நிப்பாட்டிட்டாங்கல்ல. போயி சொல்லு... சொல்லிட்டியா? எப்ப?... என்ன சொன்னாங்க?... சிரிச்சாங்களா.

சிரிப்பாங்க. போன ஐப்பசியில இதே மாதிரி மண்சரிவு எச்சரிக்கைன்னு சொல்லி எல்லாரையும் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்ப் போட்டாங்க. வாங்குல படுத்துக் கெடந்தாங்க, புள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துச்சு, ஒரு கல்லு உருளல, வேலைப்பேரும் நாட்சம்பளமும் போச்சு. இனி அந்த மலையே ஸ்தோப்பு வாசல்ல வந்து நின்னு சொன்னாலும் நகர மாட்டாங்க... தோட்டத் தலைவருக்கா? அவரு போனு என்னைக்கு எடுபட்டிருக்கு... இல்ல, ஒன் போனை வச்சிட்டு வேற யாருக்கும் நான் அடிக்க மாட்டேன். இரு, யோசிக்கிறேன்.

... ம். ஆமா, ஆமா, யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

சரி. பொய் சொல்லுவோம்... பொய்தான். கேளு. அந்தோனியார் கோயில் ஆத்துக்கு அந்தப் பக்கம் பாறை மேலதானே இருக்கு? மண்ணு அங்க வராது, அது போதும். நம்ம காம்பராவுல கட்டில் மேல ஏறு. தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகலைல்ல, அந்தச் சந்துல வாயை வச்சுக் கத்து. நம்ம வீட்டுல அம்மா பெருமூச்சு விட்டாலே லயம் முழுக்கக் கேக்கும், நீ கத்தினா கேக்காதா? "கோயில்ல நிவாரணம் குடுக்குறாங்க, அரிசி, பருப்பு, பால்மா, இப்ப வர்றவங்களுக்கு மட்டுந்தான்." அவ்வளவுதான்... மண்ணு வருதுன்னா ஒக்காந்து பேசுவாங்க. பால்மான்னா குடைகூட எடுக்காம ஓடுவாங்க... பாவம் எனக்கு வரட்டும், பாவசங்கீர்த்தனத்துல நானே சொல்லிக்கிறேன். ஏறு.

...

... ஏறிட்டியா? அந்தப் பக்கம் யாரு இருமுறது, இங்க வரைக்கும் கேக்குது... சரி சரி, அதை விடு, கத்து.

...

... இன்னும் சத்தமா. பால்மாவை அழுத்திச் சொல்லு.

...

... வர்றாங்களா? யாரு மொதல்ல?... ஹா! ரெங்கம்மா அத்தை! நெனைச்சேன். குடும்பக் கார்டை மடியில சொருகிக்கிட்டா?... தினேசும் போறானா, காலையில வேலைப் பெரட்டுக்குக்கூட இப்படி ஓட மாட்டானே... பார்த்தியா கேஷா, இதுதான் கதை. ஒரு வரி. பனி இல்ல, மழை இல்ல, வெடிப்பு இல்ல. ஒரே வரியில ஒரு லயமே காலி. இதை நாளைக்கே சுவர்ப்பத்திரிகையில போடுறேன்... நீ ஏன் இன்னும் நிக்கிற? ஓடு. போனை வைக்காத. பேசிக்கிட்டே ஓடு.

... ம்... ம்... வழுக்கும், பார்த்து... பாலத்துக்கு வந்துட்டியா? தண்ணி பாலத்துக்கு மேல போகுதா?... இல்லைல்ல, அப்ப தாண்டு. கீழ பார்க்காத... ஆமா, ஆமா... தாண்டிட்டியா?... ஆமா, நீ கெட்டிக்காரிதான்... படி ஏறு. மூச்சு வாங்கிக்க, பரவாயில்ல... என்ன, ஏசுறாங்களா? ஏசட்டும். அரிசி எங்க பால்மா எங்கன்னு கேக்கட்டும். றொனிப் பய ஏமாத்திட்டான்னு சொல்லு. கல்யாணத்துல கூடப் பேச மாட்டோம்னு சொன்னாங்களா? சரின்னு சொல்லு.

யாரும் விடுபடலையே? நல்லா பாரு. காம்பரா வரிசையில பாரு...

... ரெங்கம்மா அத்தை தனியாவா நிக்கிறா?

... மாமா?

... "என் பங்கையும் சேர்த்து வாங்கிட்டு வா"ன்னு சொல்லி அனுப்பினாரா.

... இல்ல. அத்தை மேல தப்பு இல்ல. மண்ணு வருதுன்னு சொல்லியிருந்தா தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்திருப்பா. அரிசி வாங்கப் போறதுக்குப் படுத்த மனுசனை எவ தூக்குவா... ஒனக்கும் தெரியாது, நீ நான் சொன்னதைத்தானே கத்தின. நான்தான். ஒன் பந்தியில இருந்தாரே. கடைசி வரியில இருந்தாரு. நான்தானே வெட்டுனேன்... காதுலயும் கேட்டுச்சு எனக்கு.

தினேஸ் எங்க? கூப்பிடு. உண்மையைச் சொல்லு இப்ப. ரெண்டு பேரு போனாப் போதும், போர்வையில போட்டு நாலு மூலையைப் புடிச்சு... நீ போகாத. கேஷா, நீ போகக் கூடாது, அந்தோனியார் மேல சத்தியம் பண்ணு... யாரு போறா?... அவனும் அலவியுமா? கடைக்கார அலவியா? நல்லது, அவரு பலசாலி... ஓடச் சொல்லு... எங்க வரைக்கும் போயிட்டாங்க?... பாலத்துக்கிட்டயா? ம்... ம்...

... என்ன சத்தம் அது?

... லொறியா? ஒங்க பக்கம் ஏது லொறி?

... கேஷா!

... கேஷா, பேசு. எதையாவது பேசு... அழு, பரவாயில்ல, அழுதுக்கிட்டே இரு, எனக்குச் சத்தம் கேட்டாப் போதும்... தினேஸ்?... பாலத்துக்கு ஒங்க பக்கமா? ரெண்டு பேருமா?... பாலம் இல்லையா... சரி. சரி. அவங்க இருக்காங்கல்ல... லயம்?

... எந்தக் காம்பரா வரைக்கும் மண்ணு?

... ஒண்ணுமே தெரியலையா.

... ம்... ஆமா... ஆமா.

கேஷா, ஒண்ணு செய்யி. அங்க எல்லாரையும் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லு. அத்தையையும். தெரியும், முடியாதுதான், கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கச் சொல்லு. நீ சுவரோரமா போய் நின்னு அந்தப் பக்கம் காதைக் குடு... இருமல் கேக்குதா?

...

... மறுபடியும் கேளு.

...

சரி.

... இல்ல, வைக்கல. இங்கதான் இருக்கேன்... அத்தை பக்கத்துல போய் ஒக்காரு. ஒண்ணும் சொல்லாத, கையை மட்டும் புடிச்சுக்க... நான் வந்து சொல்றேன். நான்தான் சொல்லணும்... என்னையா? என்னத்தைப் பேச?... எதையாவதா... நான் எங்க இருக்கேன்னா? பதுளையில, போர்டிங்ல, ரூம்ல. ஒனக்குத் தெரிஞ்ச ரூம்தானே... சுத்தி என்ன இருக்குன்னு சொல்லணுமா.

சரி, சொல்றேன். கேட்டுக்கிட்டு இரு.

இங்க... மழை பெஞ்சுக்கிட்டு இருக்கு. ஜன்னல் கம்பியில தண்ணி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வந்து, கொஞ்ச நேரம் தொங்கிட்டு விழுது. எதிர் வீட்டுக் கொடியில ஒரு சட்டை நனையுது, யாரும் எடுக்கல. கீழ ரோட்டுல ஒரு ஆளு சாக்கைத் தலையில போட்டுக்கிட்டுப் போறாரு... யாருன்னு தெரியல. வயசானவரு. மெதுவாத்தான் போறாரு. ஒரு கையால சுவரைப் புடிச்சுக்கிட்டு... இருக்கேன், இருக்கேன், சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்... மலையா? மலை தெரியல, கேஷா. நமுனுகுலயே தெரியல. அந்தப் பக்கம் முழுக்கப் பனி. நீ நிக்கிற பக்கம். வெள்ளையா, கீழ வரைக்கும்... அந்த ஆளு இப்ப நின்னுட்டாரு. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு...

... கேஷா?

... ஹலோ?... சார்ஜ் போயிருச்சா... ஹலோ?

... மழை இன்னும் விடல.